தோலை நுணுக்கமாக வெட்ட எந்தச் சின்னக் கத்தி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்ஸ், கார்டு உறை, வாட்ச் வார், சாவிக்கொத்து மாதிரி சின்னப் பொருள்களைக் கையால் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரிய தோலிலிருந்து பை, சேணம் வெட்டுகிறவர்களுக்கு வேறு கணக்கு, அதை இங்கே ஓரமாகத்தான் தொட்டிருக்கிறேன்.

இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். ஒரே ஒரு கத்திதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

சர்ஜிக்கல் பிளேடு மாட்டுகிற 3ஆம் எண் கைப்பிடி ஒன்று, 11ஆம் எண் பிளேடு ஒரு பெட்டி. நீங்கள் வெட்டப்போகும் தோல் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும்வரை வேறு எதுவும் தேவையில்லை. அதற்கு மேல் தடிமன் என்றால் ஒடித்து ஒடித்துப் பயன்படுத்துகிற பேப்பர் கட்டரில் 18 மி.மீ. அகல பிளேடு உள்ளதை எடுங்கள்.

“இதெல்லாம் தோல் கத்தியா?” என்று கேட்பவர்கள் உண்டு. தோலுக்கென்றே செய்த அழகான கத்திகள் இருக்கின்றன, பின்னால் சொல்கிறேன், ஆனால் அவை எல்லாமே நீங்கள் சாணை பிடிக்கத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டு செய்யப்பட்டவை. சாணை தெரியாத கையில் விலை உயர்ந்த கத்தி ஒரே மாதத்தில் மழுங்கி டப்பாவுக்குள் போய்விடும். பிளேடு மாற்றும் கத்தியிலோ அந்தக் கவலை இல்லை, மழுங்கியதும் புதுசு மாட்டினால் முதல் நாள் கூர் திரும்ப வந்துவிடுகிறது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். தோல் வெட்டுவதில் பாதி நேரம் கூடம் உண்மையிலேயே கோணல்தான், அதாவது தப்பு உங்கள் கையில் இல்லை, மழுங்கிய பிளேடில் இருக்கிறது.

எக்ஸாக்டோ மாதிரிக் கத்தி, சர்ஜிக்கல் கத்தி, 9 மி.மீ. கட்டர், மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

மூன்றும் மெல்லிய பிளேடுதான். 9 மி.மீ. ஒடிக்கும் பிளேடின் தடிமன் 0.38 மி.மீ., சர்ஜிக்கல் பிளேடும் கிட்டத்தட்ட அதே அளவு. கம்பளம், அட்டைப்பெட்டி வெட்டுகிற நாற்கர பிளேடோ சுமார் 0.6 மி.மீ. இருக்கும். தோலுக்குள் போகும்போது கத்தி தோலை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டுதான் போகிறது, தடிமன் கூடினால் அந்த விலக்கலும் கூடும், வெட்டிய ஓரம் அமுங்கி வட்டமாகத் தெரியும். நுணுக்க வேலைக்கு மெல்லிய பிளேடு என்று சொல்வது இதனால்தான்.

வித்தியாசம் பிளேடு எப்படிப் பிடிபட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. பென்சில் மாதிரி உருண்ட கைப்பிடியில் தாடை பிளேடை இறுக்கிப் பிடிக்கிற எக்ஸாக்டோ வகையில், வளைவு வெட்டும்போது விரல்கள் கைப்பிடியை உருட்ட உருட்ட அந்தக் கழுத்து மெல்லத் தளர்ந்துவிடும், பிளேடு அரை மில்லிமீட்டர் ஆடினாலே கோடு கெட்டுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறுக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. சர்ஜிக்கல் பிளேடு கைப்பிடியின் பள்ளத்தில் கிளிக்கென்று உட்கார்ந்துகொள்ளும், தளராது, ஆனால் தட்டையான உலோகக் கைப்பிடி வியர்த்த கையில் வழுக்கும். மெல்லிய தோல் வார் ஒன்றைச் சுற்றி ஒட்டிவிடுங்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஒடிக்கும் கட்டருக்கு ஒரு கதை உண்டு. ஜப்பானில் 1956இல் யோஷியோ ஒகாடா என்பவர், கண்ணாடி உடைந்த ஓரத்தின் கூர்மையையும் சாக்லேட் பாளம் கட்டம் கட்டமாக ஒடிவதையும் சேர்த்து யோசித்து இந்த பிளேடைக் கண்டுபிடித்தார். அவருடைய நிறுவனத்தின் ஓல்ஃபா என்ற பெயரே ஜப்பானிய மொழியில் ‘ஒடிக்கும் அலகு’ என்பதிலிருந்து வந்ததுதான். இதன் குறை, உறைக்குள் பிளேடு கொஞ்சம் ஆடும். நல்ல தயாரிப்பில் ஆட்டம் குறைவு. வாங்குவதற்கு முன் பிளேடை ஒரு கட்டம் மட்டும் வெளியே தள்ளி, முனையைப் பக்கவாட்டில் விரல்நகத்தால் நெம்பிப் பாருங்கள். கடகடவென்றால் வைத்துவிடுங்கள்.

9 மி.மீ. கட்டரில் 30 டிகிரி முனை உள்ள பிளேடு தனியாகக் கிடைக்கும். வழக்கமாக வருவது 60 டிகிரிக்குக் கிட்டத்தட்ட இருக்கும். 30 டிகிரி முனை எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், வளைவில் அதுதான் வேண்டும். சீக்கிரம் முறியும், அது வேறு விஷயம்.

10, 11, 15 என்று பிளேடு எண்கள் குழப்புகின்றன.

எண் பெரிதானால் பிளேடும் பெரிது என்று நினைக்க வேண்டாம், அது வடிவத்தின் எண். 11 என்பது நேரான விளிம்பு, ஊசி முனை, முக்கோணம். ஸ்கேல் ஓரமாக இழுப்பதற்கும் மூலை தொடுவதற்கும். 10 என்பது வயிறு வளைந்த பிளேடு, அதே வளைவு சின்னதாக இருந்தால் 15. வயிறு வளைந்த பிளேடு தோலை இழுக்காமல் உருண்டு வெட்டும், அதனால் மெத்தென்ற தோலுக்கும் ஓரத்தைச் சன்னமாகச் சீவுவதற்கும் 15 எனக்குப் பிடிக்கும். இவை எல்லாம் 3ஆம் எண் கைப்பிடியில் மாட்டும். 20இலிருந்து தொடங்குகிற பெரிய பிளேடுகளுக்கு 4ஆம் எண் கைப்பிடி, இரண்டையும் கலந்து வாங்கிவிட்டுப் பொருந்தவில்லையே என்று முழிக்காதீர்கள்.

எவ்வளவு தடிமன் வரை இந்தச் சின்னக் கத்தி தாங்கும்?

தோலின் தடிமனைச் சில இடங்களில் அவுன்ஸில் சொல்வார்கள், 1 அவுன்ஸ் என்றால் ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.4 மி.மீ. ஆகவே 2–3 அவுன்ஸ் தோல் 0.8 முதல் 1.2 மி.மீ., பர்ஸின் உள் அறைக்கு வரும். 8–9 அவுன்ஸ் 3.2 முதல் 3.6 மி.மீ., அது பெல்ட்.

பர்ஸ் தோலில் 11ஆம் எண் பிளேடு வெண்ணெயில் போகிற மாதிரிப் போகும். பெல்ட் தோலில் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்க்கலாம்: ஒரு துண்டுத் தோலில் நல்ல அழுத்தம் கொடுத்து ஒரு வளைவு வெட்டுங்கள், பிறகு திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே கோடு கச்சிதமாக இருக்கும், கீழே அது ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளிப்போயிருக்கும். மெல்லிய முனை தோலுக்குள்ளேயே வளைந்துவிடுகிறது, மேலிருந்து பார்க்கிற உங்களுக்கு அது தெரியாது. இரண்டு அடுக்கை ஒட்டித் தைக்கும்போதுதான் ஓரம் ஏன் பொருந்தவில்லை என்று தலையைச் சொறிவீர்கள். தடித்த தோலுக்கு விறைப்பான பிளேடு வேண்டும், 18 மி.மீ. கட்டரின் பிளேடு 0.5 மி.மீ. தடிமன், அது பரவாயில்லை.

என் வெட்டு நேராக வருவதில்லை, ஓரம் சாய்கிறது. கத்தியை மாற்றினால் சரியாகுமா?

கத்தியை மாற்றும் முன் பிளேடை மாற்றுங்கள். அப்புறமும் சாய்ந்தால் கை. வலது கைக்காரர்கள் பெரும்பாலும் கத்தியின் தலையைத் தங்கள் பக்கமாகச் சாய்க்கிறார்கள், பேனா பிடித்த பழக்கம். கத்தி தோலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து வெட்டாமல் நின்றுகொண்டு, கோட்டுக்கு நேர் மேலே கண் இருக்கிற மாதிரி வெட்டிப் பாருங்கள், பாதி சரியாகிவிடும்.

மீதிப் பாதி அவசரம். ஒரே இழுப்பில் அறுத்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. முதல் இழுப்பு வெறும் தடம் போடத்தான், தோலின் வழவழப்பான மேல்பக்கத்தைத் திறந்துவிட்டால் போதும், கத்தியின் கனம் மட்டும் இறங்கட்டும். இரண்டாவது இழுப்பில் கத்தி அந்தத் தடத்திலேயே தானாகப் போகும், அப்போது அழுத்தலாம். மூன்றாவதில் அடி விடும். எண்ணி வெட்டுங்கள், மூன்று இழுப்பில் விடாத பர்ஸ் தோல் என்றால் பிளேடு முடிந்துவிட்டது.

கோட்டைப் பென்சிலால் போடாமல் குத்தூசி முனையால் லேசாகக் கீறிக்கொள்வது இன்னும் நல்லது. பென்சில் கோட்டுக்கே ஓர் அகலம் இருக்கிறது, கீறலில் கத்தி முனை விழுந்து உட்காரும்.

வளைவும் மூலையும்?

கத்தியைத் திருப்பாதீர்கள், தோலைத் திருப்புங்கள். வெட்டுகிற கை ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் நிற்கட்டும், இடது கை தோலைச் சுழற்றட்டும்.

உள் மூலைகளுக்கு ஒரே வழிதான் எனக்கு ஒத்துவந்திருக்கிறது. மூலையில் முதலில் வட்டத் துளை போடும் சின்னக் கருவியால் (பஞ்ச்) ஒரு துளை போட்டுவிட்டு, இரு பக்கமிருந்தும் துளையை நோக்கி வெட்டி வருவது. கத்தியாலேயே மூலையை முடித்தால் ஒரு முடியளவு தாண்டிவிடும், அந்தத் தாண்டல் பிற்பாடு கிழிசலாக வளரும். கார்டு எடுக்க வைக்கிற கட்டைவிரல் பிறையையும் அப்படித்தான், இரண்டு முனையிலும் 2 மி.மீ. துளை, நடுவில் கத்தி. வெளி மூலையை வட்டமாக்க வேண்டுமா, நேர் வெட்டாகவே மூன்று நான்கு தடவை மூலையைச் சீவி, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். நாணயத்தைச் சுற்றி வெட்டுவது பார்க்கத்தான் சுலபம், கத்தி நாணயத்தின் மேல் ஏறிவிடும்.

பிளேடை எப்போது மாற்றுவது?

வெட்டும்போது சத்தம் கேளுங்கள். புது பிளேடு கிட்டத்தட்டச் சத்தமே போடாது. மெல்ல ஒரு ‘சர்ர்’ வர ஆரம்பித்தால் முனை தேய்கிறது. வளைவில் தோல் கத்திக்கு முன்னால் சின்ன அலையாக மேலெழும்பினால், ஏற்கெனவே ஒரு வெட்டு தாமதமாகிவிட்டது. தோலின் விலையோடு ஒப்பிட்டால் பிளேடு விலை ஒன்றுமே இல்லை, இதில் சிக்கனம் பார்க்கிற இடமே தப்பு.

புது பிளேடை மாட்டியதும் ஒரு துணியால் முதுகிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்துவிடுங்கள். துருப்பிடிக்காமல் இருக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வருகிறது பல பிளேடு. சாயம் போடாத வெளிர் தோலில் அந்த எண்ணெய் ஒரு கோடாக இறங்கினால் சாயம் போட்ட பின்னும் தெரியும். நான் இதைக் கற்றுக்கொண்டது தைத்து முடித்த ஒரு கார்டு உறையில்.

தோலுக்கென்றே உள்ள கத்திகள், ஜப்பானியக் கத்தி, பிறைக் கத்தி எல்லாம் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள்.

ஜப்பானிய ‘காவாபோச்சோ’ பார்க்க அகல உளி மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மட்டும் சாய்வு, மறுபக்கம் தட்டை. மெல்லிய கடின எஃகை மென்மையான இரும்போடு சேர்த்து அடித்திருப்பார்கள், கூர்மையைக் கடின எஃகு தாங்கும், மென்மையான பகுதி சாணைக்கு இடம் கொடுக்கும். நேர்க்கோட்டைத் தள்ளி வெட்டுவதற்கும் ஓரம் சீவுவதற்கும் ஒரே கத்தி. ஓரம் சீவுதல் என்பது மடித்துத் தைக்கும் இடத்தில் தோலின் சதைப்பக்கத்தைச் சன்னமாக்குவது, அந்த வேலை தினமும் வருகிறவர்களுக்கு இது சொர்க்கம். சின்ன வளைவுக்கு ஆகாது.

பிறைக் கத்தி மிகப் பழையது. எகிப்தில் தீப்ஸ் பகுதியிலுள்ள ரெக்மிரே கல்லறைச் சுவரோவியத்தில், கி.மு. 15ஆம் நூற்றாண்டில், தோல் வேலைக்காரர்கள் அரைநிலா வடிவக் கத்தியோடு இருக்கிறார்கள். இன்றைக்கும் அதே வடிவம். உருட்டி, தள்ளி, முனையால் வளைத்து, தெரிந்தவர் கையில் எல்லா வேலையும் செய்யும். ஆனால் சுற்றிலும் கூர், சின்னப் பொருளுக்குக் கொஞ்சம் அதிகம். முதல் கத்தியாக வேண்டவே வேண்டாம்.

காலணித் தொழிலில் மேல்தோல் வெட்டுகிற மெல்லிய வளைமுனைக் கத்திக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் ‘கிளிக்கர் கத்தி’ என்று பெயர், வெட்டி எடுக்கும்போது வருகிற சத்தத்தால் வந்த பெயர் என்பார்கள். நுணுக்க வேலைக்கு மூன்றில் எனக்கு நெருக்கமானது இதுதான். வளைந்த முனையின் நுனி மட்டும்தான் தோலைத் தொடும், அச்சு அட்டையின் ஓரமாக ஓட்டிக்கொண்டே போகலாம்.

சாணை பிடிப்பது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டமில்லை, பொறுமை. 1000 எண் கல், அப்புறம் 3000, அப்புறம் 6000 அல்லது 8000. முதல் கல்லில் ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் விளிம்பு நெடுக விரலுக்குத் தட்டுகிற பிசிறு எழ வேண்டும், அது முழு நீளத்துக்கும் எழாமல் அடுத்த கல்லுக்குப் போவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. கடைசியில் வார். பலகையில் ஒட்டிய தோல் வாரில் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தேய்த்து, கத்தியின் முதுகு முன்னால் போக, விளிம்பு பின்னால் வர இழுங்கள். விளிம்பை முன்னால் விட்டால் வார் இரண்டு துண்டு.

வேலைக்கு நடுவே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாரில் பத்து இழுப்பு இழுத்துக்கொண்டால் கல்லைத் தொட வேண்டிய நாள் தள்ளிப்போகும். பிளேடு மாற்றும் கத்திக்கும் இந்த வார் உதவும், ஒரு பிளேடு இரண்டு பிளேடின் ஆயுளுக்கு ஓடும்.

கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா?

சர்ஜிக்கல் பிளேடு இரண்டு வகையிலும் வருகிறது. கார்பன் எஃகு கொஞ்சம் கூர் கூடுதல், துருப்பிடிக்கும். அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். மரப்பட்டை மாதிரித் தாவரப் பொருளால் பதனிட்ட தோலில் டானின் இருக்கிறது, அது இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். நனைத்த தோலைக் கார்பன் கத்தியால் வெட்டினாலோ, தேய்த்த இரும்புத் தூள் விரலில் ஒட்டியிருந்தாலோ, கொஞ்ச நேரத்தில் நீலம் கலந்த கறுப்புப் புள்ளிகள் எழும். மை கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைப்பீர்கள். நனைத்து வெட்டுகிற வேலை அதிகம் என்றால் ஸ்டெயின்லெஸ் எடுத்துக்கொள்ளுங்கள். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

குரோம் தோல் மெத்தென்று இழுபடுகிறது, எந்தக் கத்தியாலும் சரியாக வரவில்லை.

அது இழுபடும், அதன் குணம் அப்படி. இழுத்து வெட்டுகிற எந்தக் கத்தியும் அதைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். நேர்க்கோட்டுக்கு உருளும் சக்கரக் கட்டர், 28 அல்லது 45 மி.மீ., மேலிருந்து அழுத்தி உருட்டுவதால் தோல் நகராது. வளைவுக்கு 15ஆம் எண் பிளேடு. இல்லையென்றால் சதைப்பக்கத்தில் சுலபமாக உரியும் காகித டேப்பை ஒட்டி, அதன் மேலேயே வரைந்து வெட்டுங்கள்.

சுழலும் கத்தியால் வெட்டலாமா?

ஆள்காட்டி விரலை மேலே வைத்துச் சுழற்றுகிற அந்தக் கத்தி சித்திரம் கீறத்தான். தோலின் பாதி ஆழத்துக்குள் கோடு போடும். அறுத்து எடுக்க அல்ல.

கீழே என்ன விரிப்பது? எந்த ஸ்கேல்?

தானாக மூடிக்கொள்கிற கட்டிங் மேட் நுணுக்க வேலைக்கு நல்லது, ஆனால் ஒரே இடத்தில் நூறு தடவை வெட்டினால் அதிலும் பள்ளம் விழும், பழைய பள்ளத்தில் முனை மாட்டிக்கொண்டால் உங்கள் கோட்டை விட்டு அந்தக் கோட்டில் போகும். மரப்பலகையிலும் இதே கதை, நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் முனையை இழுக்கும். கண்ணாடி, கிரானைட் மேல் சீவலாம், அறுக்கக் கூடாது, ஒரு தொடுதலில் கூர் போய்விடும்.

ஸ்கேல் எஃகாக இருக்கட்டும், 1 மி.மீ.க்குக் குறையாத தடிமன், அடியில் வழுக்காமல் தக்கையோ ரப்பரோ. உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் ஸ்கேலை வையுங்கள், கத்தி விலகினால் கழிவுப் பக்கம்தான் விலகும். இந்த ஒரு பழக்கம் எனக்கு எத்தனையோ துண்டுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இடது கைக்காரர் நான்.

இரு பக்கமும் சாய்வுள்ள சின்ன பிளேடுகள் எல்லாம் உங்களுக்கும் அப்படியே சரி. ஒற்றைச் சாய்வுக் கத்தி மட்டும் இடது கைக்கென்று கேட்டு வாங்க வேண்டும். வலது கைக் கத்தியை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் வலது கைக்காரராகத்தான் இருப்பார்.

கை வெட்டிக்கொள்ளாமல் இருக்க?

ஸ்கேலைப் பிடிக்கிற விரல்நுனிகள் ஓரத்துக்கு வெளியே நீண்டிருக்கின்றனவா என்று ஒவ்வொரு இழுப்புக்கும் முன் பாருங்கள். கத்தி மேசையிலிருந்து விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலை நகர்த்துங்கள். உருண்டை கைப்பிடி உருளும், அதில் ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள். 11ஆம் எண் முனை முறியும்போது தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. முறிந்த துண்டைத் தேடி எடுக்காமல் வேலையைத் தொடரவும் கூடாது. ஒருமுறை தேடாமல் விட்டேன், அது தோலுக்குள்ளேயே இருந்திருக்கிறது, இரண்டு நாள் கழித்து ஓரத்தை விரலால் மெழுகு தேய்க்கும்போது கிடைத்தது.

சர்ஜிக்கல் பிளேடை விரலால் கழற்றாதீர்கள், மூக்குக் குறடால் அடிப்பகுதியை லேசாகத் தூக்கி முன்னால் தள்ளுங்கள், முனை ஆள் இல்லாத பக்கம் பார்த்து இருக்கட்டும். பழைய பிளேடுகளுக்கு மூடியுள்ள ஒரு தகர டப்பா வைத்து, மூடியில் ஒரு கீறல் போட்டு உண்டியல் மாதிரி உள்ளே போட்டுக்கொண்டே வாருங்கள். என்னுடையது நிறைய இரண்டு வருடம் ஆயிற்று, நிறைந்ததும் மூடியை டேப்பால் சுற்றி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதித்தான் வெளியே கொடுத்தேன்.